முற்றத்துக் கோழிகளுக்கு வரவு செலவு எழுதிய இரண்டு வருடம்

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் இடம், நாலு வேம்பு, ஒரு புளி, மாட்டுக் கொட்டில், அதை ஒட்டிக் கோழிக்கூடு. கோழி எங்கள் அத்தையின் பொறுப்பு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். கோழி விற்ற காசை வீட்டு ஆண்கள் யாரும் கேட்க மாட்டார்கள். அது நேராக அத்தையின் சுருக்குப்பைக்குப் போய்விடும். என் பிரசவ நேரத்து ஆட்டோச் செலவு, பேத்தியின் கம்மல், ஒரு வருடம் மழையில்லாதபோது இரண்டு மாத மளிகை எல்லாம் அந்தப் பையிலிருந்து வந்தவை. "நாலு கோழிக்குப் போய் இவ்வளவு கணக்கா?" என்று கேட்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. கூட்டில் 41 உருப்படி. தீபாவளிக்கு விற்கலாம் என்று விட்டுவைத்த இளம் பெட்டைகளான விடைக்கோழிகளும் இளஞ்சேவல்களும்தான் அதில் பாதிக்கு மேல். பழைய சேவலுக்கு வயதாகிவிட்டது, அடை வைத்தால் கூமுட்டை அதிகம் விழுகிறது என்று சந்தையில் பெருவிடை என்ற பெரிய ரக நாட்டுச் சேவல் ஒன்று வாங்கினோம். செவலை நிறம், கருங்கால், நல்ல நிமிர்ந்த நடை. 1,300 ரூபாய். சாக்கில் ஓட்டை போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுவந்து, நேரே கூட்டுக்குள் அவிழ்த்துவிட்டோம். அன்று சாயங்காலமே பெட்டைகளைத் துரத்திக்கொண்டு திரிந்தது. எங்களுக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் அது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளிய மரத்தடியில் நின்றது. ஐந்தாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தோம். எட்டாம் நாள் கூட்டைத் திறந்தபோது எப்போதும் முட்டிமோதிக்கொண்டு வெளியே ஓடிவரும் கோழிகளில் ஏழெட்டு வரவேயில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தன. பின்னால் இறகெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக ஒட்டிக் காய்ந்திருந்தது. சிலது வாயைப் பிளந்து கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கின. ஒரு விடைக்கோழி கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது. அதைக் கையில் எடுத்தபோது உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்த நடுக்கம் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அத்தைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வெள்ளைக் கழிச்சல். கால்நடை மருந்தக டாக்டரும் அதையேதான் சொன்னார், ராணிக்கெட் என்ற பெயரில். 1920களின் கடைசியில் இமயமலையின் குமாவுன் பகுதியில், ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். 1926இல் இங்கிலாந்தின் அந்த ஊர்ப் பக்கமும் இதே நோய் வந்திருக்கிறது. வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. அத்தை சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் போட்டார். நானும் கூட உட்கார்ந்து அலகைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த உருண்டையை இப்போதும் மழைக்காலத்தில் கொடுக்கிறோம், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் கூட்டுக்குள் கழிச்சல் நுழைந்த பிறகு அது தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் கணக்கு, வாங்கிவந்த சேவலைச் சேர்க்காமல்: செத்தது 29. மிஞ்சியது 8.

கூட்டிப் பார்த்தால் 37தான் வரும். மீதி நாலை அந்த எட்டாம் நாளே விற்றுவிட்டோம். கூடை கட்டிய வண்டியில் வீடு வீடாக வரும் வியாபாரி சரியாக அன்றைக்கு வந்தார். நல்லா இருக்கிறதையாவது கொடுத்துடுங்க, பாதி விலை தரேன் என்றார். அத்தை திடமாக நின்ற நாலைப் பிடித்துக் கொடுத்தார், நானும் தடுக்கவில்லை. அதில் இரண்டு தெற்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு வளர்க்கப் போனது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த அக்கா கூடும் காலியானது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

எல்லாம் ஓய்ந்து ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அத்தை கேட்டார்: "ஏம்மா, மாசியில ஊசி போட்டோமே, அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை. கால்நடைத் துறையின் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் வருடா வருடம் பிப்ரவரியில் நடக்கும். அந்த வருடமும் கூட்டோடு எல்லாக் கோழிக்கும் போட்டிருந்தோம். மிஞ்சிய எட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, "இது அப்ப இருந்தது, இது இல்ல" என்று அத்தை பிரித்தார். ஆறு பெட்டைகள் முகாமுக்கு முந்தியே இருந்தவை. மற்ற இரண்டு மட்டும் பிறகு பொரித்தவை. செத்தவற்றிலும் விற்ற நாலிலும் யோசித்து யோசித்துப் பார்த்ததில், ஊசி போட்ட பழைய கோழி இரண்டே இரண்டுதான் இருந்தது. அதாவது ஐப்பசியில் எங்களிடம் இருந்த 41இல் 8தான் மாசி ஊசியைப் பார்த்தவை. மீதி 33 எங்கிருந்து வந்தன? மாசியில் போட்ட மற்றவை எங்கே போயின? அந்த இரண்டு கேள்வியில்தான் நோட்டு தொடங்கியது.

பிள்ளையின் பழைய நூறு பக்க நோட்டுதான். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வரவில் பொரித்தது, வாங்கியது, வாரத்துக்கு விட்டதில் (இன்னொரு வீட்டில் வளர்க்கக் கொடுத்துக் குஞ்சைப் பங்கு பிரிப்பது) வந்தது. செலவில் விற்றது, வீட்டில் அடித்தது, கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது, பருந்து கீரி நாய் தூக்கியது, செத்தது. தேதி மட்டும் தவறாமல் போட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. முதல் இரண்டு மாதம் அத்தை சிரித்தார். தை பிறந்ததும் அவரே கூப்பிட்டு, "பருந்து ஒன்னு தூக்கிருச்சு, எழுதிக்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

பிப்ரவரி முகாமில் 19 கோழிக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட ஒவ்வொன்றின் இடது காலிலும் சிவப்புக் கேபிள் டை மாட்டினேன். எலக்ட்ரிகல் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினால் நாலைந்து வருடத்துக்கு வரும். சுண்டுவிரல் உள்ளே போகிற அளவு இடம் விட்டு இறுக்கி, வாலை நறுக்கிவிட வேண்டும். வளர்கிற கோழிக்கு இறுக்கமாகப் போட்டால் கால் வீங்கிவிடும். ஒரு விடைக்கு அப்படியாகி வெட்டி மாற்றினேன்.

ஆகஸ்ட் 15, பிள்ளைகளுக்கு லீவு. சாயங்காலம் கூடடையும் நேரத்தில் எல்லோருமாக எண்ணினோம். மொத்தம் 27. சிவப்பு வளையம் 9.

அத்தை கேட்டதற்கான பதில் இதுதான். ஊசி வேலை செய்யவில்லை என்று இல்லை. ஊசி போட்ட கோழி ஆடியிலும் கோயில் கொடையிலும் விருந்தாளி வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்விட்டது. அதன் இடத்தில் ஊசியே பார்க்காத குஞ்சுகள் வளர்ந்து நிற்கின்றன. கூட்டைப் பார்த்தால் அதே கூடு, அதே செவலையும் கருப்பும் வெள்ளையும். உள்ளே ஆளே மாறிவிட்டது. ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு புதுசு. தீபாவளி நெருங்க நெருங்க இளங்கோழியைச் சேர்த்துச் சேர்த்து வைப்போம், அப்போதுதான் சந்தையில் வாங்குவதும் விற்பதும் அதிகம். காய்ந்த சருகைக் குவித்து வைத்துவிட்டு நெருப்புக்காரர் வரும் வழியையும் திறந்து வைத்தது போலத்தான் அந்த ஐப்பசியில் இருந்திருக்கிறோம்.

வருடம் முடிந்து கூட்டியபோது நானே இரண்டு முறை சரிபார்த்தேன். தொடக்கம் 8. பொரித்தது 74, வாங்கியது 6, வாரத்தில் வந்தது 2. செலவில் விற்றது 23, வீட்டில் அடித்தது 9, நேர்ச்சை 2, பருந்து, கீரி, நாய்க்குப் போனது 14, குளிர், மிதிபட்டது, சீக்கு எல்லாம் சேர்த்துச் செத்தது 11. நிற்பது 31. பெரும்பாலும் இருபது முப்பது கோழிக்கு மேல் கண்ணில் படாத முற்றத்தில் ஒரே வருடத்தில் 90 உயிர் வந்துபோயிருக்கிறது. பண்ணைக் கோழிக்காரர்கள் ஒரே வயதுக் குஞ்சை மொத்தமாக இறக்கி, மொத்தமாக ஏற்றி, கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, அடுத்ததை இறக்குவார்கள். நம் முற்றத்தில் ஒருநாளும் காலியாவதில்லை. நேற்றுப் பொரித்த குஞ்சு, இரண்டு மாத விடலை, மூன்று வருடத் தாய் எல்லாம் ஒரே தண்ணீர்ச் சட்டியில் குடிக்கும். பெரியதுக்கு வந்து தங்கிப் போகும் சளியும் கழிச்சலும் சின்னதுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். கிராமத்துக் கோழிகளில் நோய் ஒரேயடியாக ஒழியாமல் தங்குவதற்கு இந்த ஓயாத குஞ்சு வரவும் ஒரு காரணம் என்று டாக்டர் விளக்கினார். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வரும். ஆனால் அது நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மூன்றாவது வாரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்ற கழிச்சல் தடுப்பு மருந்தை மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளின் கிராமங்களில் கண்ணில் சொட்டாக விடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அல்ல, நாலு மாதத்துக்கு ஒருமுறை. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஊர்ப் பெண்களின் முற்றம் நம் முற்றமாகவே தெரிந்தது. அங்கும் மந்தை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இனி மாற்றியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, அடையை ஒன்றாக்கினது. முன்பெல்லாம் எந்தப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தாலும் உடனே முட்டை வைத்துவிடுவோம். அதனால் வாரத்துக்கு ஒரு வயதில் குஞ்சு நிற்கும், எதற்கும் நாள் பார்த்து மருந்து கொடுக்க முடியாது. இப்போது முதலில் அடை கேட்கும் கோழிக்கு உதவாத முட்டை இரண்டைப் பென்சிலால் கோடு போட்டு வைத்து உட்கார விடுகிறோம். அடுத்தது, அதற்கடுத்தது என்று மூன்று கோழி சேரும்வரை அது பொய் அடையில் இருக்கும். ஐந்தாறு நாள் தாங்குகிறது. அதற்கு மேல் இழுத்தால் கோழி மெலிந்துவிடும், 21 நாள் நிஜ அடை இன்னும் பாக்கி இருக்கிறதே. முட்டைகளைக் கேழ்வரகுப் பானையில் கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, ஏழு நாளுக்குள் எடுத்தவற்றை மட்டும் வைக்கிறோம். மூன்று மண்சட்டியில் தவிடும் மணலும் பரப்பி, ஒன்றுக்கு 11 வீதம் 33 முட்டை, ஒரே ராத்திரியில். இடி முழக்கத்துக்கு முட்டை கெடாமலிருக்க அத்தை ஒவ்வொரு சட்டியிலும் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவார். அது எப்போதும் போல நடக்கிறது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுகிறேன்.

முதல் முறை மார்கழிக் கடைசியில் வைத்தோம், தை நடுவில் 27 பொரித்தன. இரண்டு தாயிடம் எல்லாக் குஞ்சையும் ராத்திரி இருட்டில் சேர்த்துவிட்டோம். பகலில் சேர்த்தால் கொத்திவிடும். இருட்டில் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டால் காலையில் தன் குஞ்சென்றே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது தாய் சீக்கிரமே முட்டைக்குத் திரும்பியது. தைக் குளிருக்குத் தகரத்தை வட்டமாக நிறுத்தி, நெல் உமி பரப்பி, 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை, தகரத்தோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். பல்பை ஒரு சாண் ஏற்றியோ இறக்கியோ சரிசெய்ய வேண்டும். உமி ஈரமானால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இரத்தக் கழிச்சல் என்ற வேறொரு நோயின் கிருமிக்கு ஈரமும் கதகதப்பும் இருந்தால் இரண்டு நாளில் அடுத்த குஞ்சைப் பிடிக்கிற பக்குவம் வந்துவிடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம்.

அடுத்தது மருந்து நாள். ஒரே நாள் பொரித்ததால் நாட்காட்டியில் வட்டம் போடுவது லேசாகிவிட்டது. 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, கழிச்சலுக்கான முதல் மருந்து. 14ஆம் நாள் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கான மருந்து. 28ஆம் நாள் லசோட்டா, கழிச்சலுக்கான இரண்டாம் மருந்து. ஆறு வாரத்தில் அம்மை ஊசி. எட்டு வாரம் முடிந்து ஆர்2பி என்ற கழிச்சல் ஊசி, இறக்கைக்கடியில் தோலில், அரை மில்லி. இந்தக் கடைசி ஊசியைச் சின்னக் குஞ்சுக்கு முந்திப் போடக்கூடாது, கால் இழுத்துக்கொள்ளும். அதற்கு முக்தேஸ்வர் மருந்து என்றும் பெயர். அந்த ஊரும் ராணிக்கெட் இருக்கும் அதே குமாவுன் மலையில்தான் இருக்கிறது.

மருந்து விலை பெரிதில்லை. 100 கோழிக்கான குப்பியை 27 குஞ்சுக்கு உடைப்பதுதான் யாருக்கும் மனம் வராத காரியம். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதியை எடுத்துவைக்க முடியாது. அதனால் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்தேன். முதல் ஆளாக யாரிடம் போனேன் என்றால் தெற்குத் தெரு அக்காவிடம். அவர் கூட்டில் அப்போது ஆறு கோழிதான் திரும்பச் சேர்ந்திருந்தது. நடந்தது எல்லாவற்றையும், நாங்கள் விற்ற நாலையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "என்னைக்கு அடை வைக்கணும்னு சொல்லு, நானும் அன்னைக்கே வைக்கிறேன்" என்றார். இப்போது ஐந்து வீட்டில் ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். முதல் தொகுதியில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 88 குஞ்சு. ஒரு குப்பி சரியாகப் போனது.

மருந்துக் கடையிலிருந்து வீடு வரும்வரை குப்பி ஐஸ் கட்டிக்குள் இருக்க வேண்டும். காப்பி பிளாஸ்கில் ஐஸ் போட்டு, குப்பியை பாலிதீன் பையில் சுற்றி உள்ளே இறக்கிக் கொண்டுவருகிறேன். வெயில் ஏறும் முன் காலை ஆறரைக்கே தொடங்குவோம். குஞ்சை இடது உள்ளங்கையில் பிடித்து, கட்டைவிரலால் தலையை ஒருக்களித்து, ஒரு கண் மேலே வரும்படி வைக்க வேண்டும். சொட்டு விழுந்ததும் உடனே விட்டுவிடக்கூடாது. அந்த நீலச் சொட்டு கண்மேல் ஒரு கணம் முத்துமாதிரி நிற்கும். குஞ்சு கண்ணை மூடித் திறந்ததும் உள்ளே இறங்கிவிடும். இமைத்த பிறகுதான் கீழே விட வேண்டும். தலையை உதறிவிட்டால் இன்னொரு சொட்டு. 28ஆம் நாள் மருந்தைத் தண்ணீரில் கொடுக்கலாம் என்றார்கள்; ஆனால் யார் குடித்தது யார் குடிக்கவில்லை என்று தெரியாது என்பதால் நான் அதையும் கண்ணிலேயே விடுகிறேன். தண்ணீரில்தான் கொடுக்க முடியும் என்பவர்கள் பிளீச்சிங் போட்ட குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், மருந்து செத்துவிடும்.

மருந்து போட்டால் மட்டும் போதாது என்பதை நோட்டின் வரவுப் பக்கம் காட்டியது. வாங்கிய 6 கோழிதான் எண்ணிக்கையில் சின்னது, ஆபத்தில் பெரியது. மாட்டுக் கொட்டிலுக்கு எதிர்மூலையில், வீட்டுக்குப் பின்னால் உபயோகத்தில் இல்லாத பழைய குளியலறையைப் புதுக்கோழி அறையாக்கினேன். கதவுக்குக் கொசுவலை, தனிச் சட்டி, தனித் தீவனக் கிண்ணம். எந்தக் கோழி எங்கிருந்து வந்தாலும், என் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்தாலும், 21 நாள் அங்கேதான். தீவனம் வைப்பதில் வரிசை உண்டு: முதலில் குஞ்சு, அடுத்துப் பெரிய கோழி, கடைசியில் புதுக்கோழி அறை. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை, கால், செருப்புக் கழுவ வேண்டும். கழிச்சல் வைரஸ் சோப்புக்கு உடைந்துபோகிற வகை என்பதால் இதற்குப் பெரிய கிருமிநாசினி எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் நம் கோழியில் ஒன்றை அதனுடன் துணைக்கு விடுகிறேன். வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே நோயைச் சுமக்கிற கோழியாக இருந்தால் அந்த ஒன்று காட்டிக்கொடுக்கும்.

போன வைகாசியில் அந்த அறையிலிருந்த ஒரு புதுப் பெட்டைக்கு ஒன்பதாம் நாளே நோய் வெளியே தெரிந்துவிட்டது. ஒரு கண்ணுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கி, மூக்கில் சளி வடிந்து, பக்கத்தில் போனாலே அழுகல் நாற்றம். கொரைசா என்ற சளி நோய். மருந்தில் ஒரு வாரத்தில் முகம் வற்றிவிட்டது. ஆனால் தேறிய கோழியும் அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னதால் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் சொன்ன நாள்வரை காத்திருந்து கறிக்கு அடித்தோம். முன்பாக இருந்தால் தேறிவிட்டதே என்று மற்றவற்றோடு விட்டிருப்போம்.

செலவுப் பக்கத்திலும் மாற்றம் உண்டு. வியாபாரி வண்டி இப்போது வேப்பமரத்துக்கு அப்பால் நிற்கும். எடை போடுவது, காசு வாங்குவது எல்லாம் அங்கேதான். அவருடைய கூடை எத்தனை வீட்டு எச்சத்தைப் பார்த்திருக்கும்! சந்தைக்குக் கொண்டுபோன கோழி விற்காவிட்டால் திரும்பக் கூட்டுக்கு வராது. விலையைக் குறைத்தாவது அங்கேயே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் வந்து 21 நாள் குளியலறையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு விட்ட கோழியின் குஞ்சும் எட்டு வார ஊசி போட்ட பிறகுதான் பங்கு பிரிக்கிறோம். கூட்டில் ஒன்று சுணங்கினாலும் அன்றிலிருந்து யாருக்கும் கோழி விற்பனை இல்லை. இதில் அத்தைதான் என்னைவிடக் கண்டிப்பு. செத்ததை ஓடையில் வீசுகிற பழக்கத்தையும் விட்டோம். முழங்கால் ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு, நாய் தோண்டாதபடி கல்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொண்டை நீலமாகி, ஒரே ராத்திரியில் கொத்துக் கொத்தாகச் செத்தால் அதைக் கழிச்சல் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பரிசோதனைக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். நம் நாட்டில் அது முதலில் 2006இல் மகாராஷ்டிராவின் நவாபூரில் பண்ணைக் கோழிகளில் வந்தது. 2008இல் மேற்கு வங்கத்தில் அடிபட்டது பெரும்பாலும் வீட்டு முற்றத்துக் கோழிகள். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் 2014இலிருந்து பலமுறை வந்திருக்கிறது. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. வெறுங்கையால் தொடாமல், உரிக்காமல், மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். விற்பது மட்டும் கூடவே கூடாது.

இரண்டாம் வருடம் சித்திரையில் எங்கள் ஊரில் மறுபடி கழிச்சல் வந்தது. மேலத் தெருவில் தொடங்கி, பதினைந்து இருபது வீட்டில் கூடு காலியானது. எங்கள் முற்றத்தில் அப்போது 38 நின்றன. தைக் குஞ்சுகளுக்கு எட்டு வார ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாரம் வெளியே விடாமல் பட்டியில் அடைத்தே தீவனம் போட்டோம். ஒரு கோழி மட்டும் இரண்டு நாள் சுணங்கி எழுந்தது. எதுவும் சாகவில்லை. மருந்தாலா, அடைத்து வைத்ததாலா, இரண்டும் சேர்ந்தா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து வீட்டில் நாலு தப்பியது. ஒரு வீட்டில் மட்டும் இடையில் உறவினர் கொடுத்த மூன்று குஞ்சு நேரே கூட்டுக்குள் போயிருந்தது. அங்கே 9 போனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த ஐப்பசி மழையில் மூன்றாம் தொகுதிக்கு அம்மை வந்தது. ஆறு வாரத்தில் போட வேண்டிய ஊசி கடையில் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் கொசு முந்திக்கொண்டது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பாக்கு மாதிரி கொப்புளம் கட்டி, கண் மூடிப்போய், தீவனம் தெரியாமல் 4 குஞ்சு செத்தது. மற்றவற்றுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு, அலகைத் திறந்து கையாலேயே ஊட்டினோம். இனி அம்மை மருந்தை முட்டை அடையில் இருக்கும்போதே சொல்லி வைக்கப்போகிறேன். கீரிக்கும் இன்னும் வழி தெரியவில்லை. கூட்டின் அடிக்கல்லைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குக் கம்பிவலை இறக்கியும், பகலில் வந்து தூக்குகிறது.

நோட்டு இப்போது இரண்டாவது. இந்தக் கார்த்திகையில் சிவப்பு வளையம் 24, வளையமில்லாதது 13. அந்த 13ம் எட்டு வாரம் ஆகாதவை. குளியலறையில் ஒரு கருப்புச் சேவல் இருக்கிறது, என் தம்பி கொண்டுவந்தது, இன்றோடு 16 நாள். விடியற்காலையில் அங்கிருந்தே கூவுகிறது, பழைய சேவல் கூட்டிலிருந்து பதில் கூவுகிறது. துணைக்கு விட்ட பெட்டை அதனுடன் ஒரே கிண்ணத்தில் கம்பு பொறுக்குகிறது. "இன்னும் அஞ்சு நாள்" என்று அத்தை தினமும் கதவு வலை வழியாகப் பார்த்துவிட்டு வருகிறார்.